இலவசமா வந்த பீப்பீ

போன மாசம் ஒரு நாள். மெடிக்கல் ஷாப்புக்குப் போயி மாத்திரை வாங்கணும். அவ்ளோதான் வேலை.

நான் தி.நகர்ல ஒரு ஜவுளிக் கடையில முகூர்த்தப் பட்டு கவுண்டர். பதினெட்டு வருஷமா புடவையைப் பிரிச்சிக்கினு, வாயை மூடாம பேசிக்கினு இருக்கற ஆளு.

ஆனா ரெண்டு மாசமா இருமல். "இந்தக் கலர் உங்களுக்குன்னே நெய்ஞ்சதுக்கா"ன்னு ஆரம்பிச்சா, "உங்களுக்கு"லயே மூச்சு இழுத்துக்கும். அக்கா நைசா அடுத்த கவுண்டருக்குப் போயிடும்.

மொதலாளி திருநெல்வேலிக்காரரு. கூப்பிட்டாரு.

"என்ன வே, இப்பிடி இருமுதீரு? மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். சரியாவலன்னா கோடவுன்ல போயி பொட்டி அடுக்கும்."

கோடவுனா! அங்க ஆளைவிட தூசிதான் ஜாஸ்தி.

டாக்டரைப் பாத்தேன். வீஸிங்னு சொல்லி மாத்திரை எழுதினாரு. ராயப்பேட்டைல எங்க தெருமுனை மெடிக்கல்ல வாங்கி பதினஞ்சு நாள் தின்னேன். ஒரு மண்ணும் கேக்கல.

அடுத்த டப்பா வாங்கப் போனவன், அப்டியே சண்டையும் போட்டுட்டு வரலாம்னு போனேன்.

கடையில கல்பனா. மருந்துப் படிப்பு படிச்சிட்டு அவங்களே கடை நடத்தறாங்க. அந்தம்மாவுக்குக் கோவமே வராது. எனக்குக் கோவமே அதான்.

"இன்னாம்மா மாத்திரை குடுத்த? சுத்த டுபாக்கூரு!"

"எப்டிணா எடுத்துக்கறீங்க?"

"இன்னா கேள்வி இது? காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சோறு துன்னுட்டு, வெந்நீர்ல."

கல்பனா பேனாவைக் கீழ வச்சாங்க. "முழுங்கறீங்களா?"

"பின்ன, தலைல தேச்சிக்குவாங்களா?"

"அண்ணா, அது முழுங்கற மாத்திரை இல்ல. உள்ள பவுடர் இருக்கு. மெஷின்ல போட்டு வாயால இழுக்கணும். நெஞ்சுக்குப் போகவேண்டிய மருந்தை பதினஞ்சு நாளா வயித்துக்கு அனுப்பியிருக்கீங்க!"

"எந்த மெஷின்?"

ஒண்ணு எடுத்துக் காட்டினாங்க. பீப்பீ மாதிரி கீது. மொத டப்பாவோட குடுத்த அதே சாமான்.

"இதுவா? இது ஃப்ரீ கிஃப்ட் இல்லியா?"

சிரிக்காதீங்க. எங்க லைன்ல புடவைக்கு பை ஃப்ரீ, ரெண்டு புடவைக்கு டிபன் பாக்ஸ் ஃப்ரீ. மாத்திரையோட ஒரு பிளாஸ்டிக் சாமான் வந்தா நான் இன்னா நெனைப்பேன்?

"அன்னிக்கே சொல்ல வந்தேன்ணா. நீங்க போன்ல கஸ்டமர்கிட்ட பேசிக்கிட்டே, 'தெரியும் தெரியும்'னு கையைக் காட்டிட்டுப் போயிட்டீங்க. சரி, அந்த மெஷின் எங்க?"

இங்கதான் மேட்டரே. அதுக்கு மொத வாரம் கே.கே. நகர்லேர்ந்து ஒரு அக்கா கடைக்கு வந்துது. புடவை புடிச்சிப் போச்சி, ஆனா கூட வந்த பையன் ஒரே அழுகை. பாக்கெட்டைத் தடவினேன், இது கெடைச்சிது. "இந்தாடா கண்ணு, கடையோட கிஃப்ட்"னு குடுத்துட்டேன். பையன் கப்சிப். அந்த வாரம் நான் உருப்படியா வித்த ஒரே புடவை அதான்.

கல்பனா நெத்தில கை வச்சிக்கினாங்க. அப்புறம் புது மெஷின் ஒண்ணைப் பிரிச்சி, மாத்திரையைப் போட்டு, "இங்கயே பண்ணிக் காட்டுங்க"ன்னாங்க.

பதினெட்டு வருஷ அனுபவஸ்தன்! வாயில வச்சி ஒரே ஊது.

பவுடர் பூரா, பிபி பாக்க பக்கத்துல ஒக்காந்திருந்த பெரியவரு மூஞ்சில.

"யோவ்! எனக்கு சுகரும் பிபியும்தான்யா, வீஸிங் இல்ல!"

"ஊதக் கூடாதுணா, இழுக்கணும். மொதல்ல மூச்சை வெளிய விடுங்க. அப்புறம் வேகமா, ஆழமா இழுத்து, பத்து எண்ணற வரைக்கும் புடிச்சிக்கங்க."

இன்னொண்ணு போட்டு இழுத்தேன். கடையில நின்ன அத்தினி பேரும் சத்தமா எண்ணினாங்க. மானம் கப்பலேறிச்சி.

"இப்ப வாய் கொப்புளிங்க"ன்னு தண்ணி குடுத்தாங்க. கொப்புளிச்சி, முழுங்கிட்டேன்.

"துப்பணும்ணா!"

பெரியவரு கண்ணாடியைத் தொடச்சிக்கினே சொன்னாரு: "இந்தாளு எதைக் குடுத்தாலும் முழுங்குவான்மா. மொதல்ல அந்த மெஷினைப் புடுங்கி வை."

நெஜமா சொல்றேன், சிரிப்புக்கு நடுவுல எனக்கு பயம்தான். புடவை மடிக்கத் தெரியும், பேசத் தெரியும். பேச்சு போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்?

கல்பனாவுக்கு அது புரிஞ்சிருக்கணும். "பயப்படாதீங்கணா. உடனே கேக்காது, விடாம எடுங்க. புடவை அடுக்கறப்ப மாஸ்க் போட்டுக்கங்க. மூச்சு ரொம்ப முட்டினா நேரா டாக்டர்கிட்ட ஓடணும். பத்து நாள் கழிச்சி மெஷினோட வாங்க, சரியா இழுக்கறீங்களான்னு நான் பாக்கணும்."

போனேன். இழுத்துக் காட்டினேன். துப்பியும் காட்டினேன். பாஸ்!

மாசக் கடைசி. மொதலாளி கையைக் கட்டிக்கினு என் பின்னாடி நிக்கறாரு. எதிர்ல அதே கே.கே. நகர் அக்கா, தங்கச்சி கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க. ஒரு மணி நேரம் பேசினேன். முந்தானை, பார்டர், ஜரிகை, சாயம் போகாதது, எல்லாம். ஒரு இருமல் இல்ல! மொதலாளி தலையை ஆட்டிட்டு கல்லாவுக்குப் போயிட்டாரு.

அக்கா பில்லு போடச் சொல்லிட்டு, பையனைக் காட்டி மெதுவா கேட்டுச்சி.

"அண்ணே, அந்த பீப்பீ இன்னொண்ணு கெடைக்குமா? இவன் அதை ஒடச்சிட்டான்."

பையன் ஓன்னு அழ ஆரம்பிச்சான். நான் பாக்கெட்டைக் கெட்டியா புடிச்சிக்கினேன்.

"அந்த ஆஃபர் முடிஞ்சி போச்சிக்கா."