ஞானசிகாமணியின் தொண்டை

"நிறுத்துங்க, நிறுத்துங்க!"

பேபி டீச்சர் இரண்டு கைகளையும் உயர்த்தியதும் கோயில் கொயரின் பாட்டு நின்றது. ஒரு குரல் மட்டும் நிற்கவில்லை. பிளாட்பாரத்தைத் தாண்டிப் போய் நிற்கும் ரயிலைப் போல இரண்டு வார்த்தை கூடுதலாக ஓடிவிட்டுத்தான் அடங்கியது.

அது ஞானசிகாமணியின் குரல். தாம்பரம் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். இயந்திர இரைச்சலுக்கு நடுவே ஆட்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் லெந்து காலம் தொடங்கிய வாரம் போதகர் தேவஇரக்கம் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். "இவரும் இனிமே நம்ம கொயர்ல பாடுவார் டீச்சர்" என்று விட்டுவிட்டுப் போனார். லெந்து என்பது பாடுகளின் காலம் என்று டீச்சருக்கு அன்றுதான் முழுசாக விளங்கியது.

டீச்சர் பள்ளியில் எடுப்பது கணக்கு. செம்பாக்கம் சபையின் பழைய கொயர் லீடர் மகனோடு பெங்களூருக்குப் போனதும், யாரும் கேட்காமலே அந்தப் பொறுப்பைத் தலையில் போட்டுக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. சபையில் பாதிப் பேர் அவரிடம் கணக்குப் படித்தவர்கள். மீதிப் பேரின் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஈஸ்டருக்குக் கீழ்க்கட்டளை சபையாரும் வருகிறார்கள். சேர்ந்து ஆராதனை, சேர்ந்து சாப்பாடு. கீழ்க்கட்டளை கொயர் ஒரே மாதிரி வெள்ளை அங்கி போட்டு, குரலை நாலாகப் பிரித்து நாலு பார்ட்டில் பாடும். அவர்கள் முன்னால் செம்பாக்கம் தலைகுனியக் கூடாது. டீச்சர் முடிவு கட்டிவிட்டார். அவர் கட்டிய முடிவை அவிழ்க்க இதுவரை ஆள் பிறக்கவில்லை.

"பிரதர், நீங்க கடைசி வரிசையில நில்லுங்க."

"சரிங்க டீச்சர்."

கடைசி வரிசைக்கு மேலே தகரக் கூரை. குரல் மேலே போய் முட்டி, இரட்டையாகத் திரும்பி வந்தது. முன்பு ஒரு ஞானசிகாமணி; இப்போது இரண்டு.

அடுத்த ஒத்திகையில் டீச்சர் குழைந்து பேசிப் பார்த்தார். "ஈஸ்டர் அன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி பிரதர். வாசல்ல நின்னு வரவேற்க உங்கள மாதிரி ஆகிருதியான ஆள்தான் வேணும்."

ஞானசிகாமணி தரையைப் பார்த்தார். "பாஸ்டரய்யாவ ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன் டீச்சர்."

மறுநாள் போதகரே வந்துவிட்டார். "வாசலுக்கு யார வேணும்னாலும் போட்டுக்கலாம் டீச்சர். ஞானசிகாமணி கொயர்ல இருக்கட்டும். பின்னாடி கூட வேணாம், உங்க பக்கத்துலயே நிக்கட்டும். உங்களப் பாத்துக் கத்துக்கட்டும்."

விரட்டப் போன மாடு வீட்டுக்குள்ளேயே வந்து படுத்துக்கொண்டது. டீச்சரின் இடது காது அன்றிலிருந்து ரீங்கரிக்கத் தொடங்கியது.

சரி, கத்துக்கொள்ளட்டும். சரியான சுருதியைத் தானே உரக்கப் பாடிக் காட்டினால் மனிதர் தொற்றிக்கொண்டு வந்துவிடமாட்டாரா? டீச்சர் ஒரு படி ஏற்றினார். ஞானசிகாமணி இரண்டு படி ஏற்றினார். டீச்சர் விடவில்லை. அவரும் விடவில்லை. ஈஸ்டர் விருந்துக்காக வெளியே மசாலா பொடித்துக்கொண்டிருந்த பெண்கள் ஐக்கிய சங்கத்தார் உலக்கையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

மைக் இருந்தால் இந்தப் போட்டியே வேண்டாமே என்று டீச்சருக்குத் தோன்றியது. மைக்செட் கடை அமீருதீன் பாயைப் பிடித்தார்.

"பாய், நடு மைக் எனக்கு. பக்கத்துல நிக்கிறவருக்கு மைக்கே வேணாம். புரியுதா?"

"நீ பாடு டீச்சர், நான் பாத்துக்கறேன்."

டீச்சர் பாடினார். பாய் பெட்டியில் எதையோ திருகினார். மறுபடியும் திருகினார். பிறகு எழுந்து வந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லு டீச்சர். இன்னும் தள்ளி. ஆங், அந்தத் தூணாண்ட போய்க்கோ. அண்ணனுக்கு ஒரு மைக் போட்டாத்தான் பேலன்ஸ் ஆவும், இல்லாங்காட்டி பேஜாரா பூடும்."

ஊரையே இந்த மனிதர் கைக்குள் போட்டுக்கொண்டாரா என்று டீச்சருக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் மனம் தளரவில்லை. மக்குப் பையனைக்கூடப் பாஸ் பண்ண வைக்கும் மருந்து ஒன்று அவரிடம் இருந்தது. ஹோம்வொர்க்.

"பிரதர், தினமும் ஷெட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஏரிக்கரையில நின்னு டோ ரே மீ பாடுங்க. சாயங்காலமும் பாடணும். வாயைத் திறந்து பாடணும்."

ஞானசிகாமணி சொன்ன சொல் தட்டாத மனிதர். மறுநாள் விடிந்ததும் செம்பாக்கம் ஏரியில் இருந்த கொக்குகள் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பிப் போயின. அந்த வாரமே காலனியிலிருந்து சூர்யநாராயணன் சார் வாக்கிங் ஷூவோடு டீச்சர் வீட்டுக்கு வந்தார்.

"மேடம், ஏரியில யாரோ முழுகறாங்கன்னு நாங்க எல்லாரும் ஓடினோம். கேட்டா, பேபி டீச்சர் ஹோம்வொர்க்குங்கறார்."

"ஈஸ்டர் வரைக்கும் பொறுத்துக்கோங்க சார்."

"அதுவரைக்கும் நான் மொட்டைமாடியிலயே நடக்கறேன் மேடம்."

சனிக்கிழமை கடைசி ஒத்திகை. கோயில் முழுக்கத் தோரணம். போதகர் லில்லிப் பூக்களை ஜாடியில் அடுக்கிக்கொண்டிருந்தார். டீச்சர் கையை வீசியதும் ஞானசிகாமணி வாயைத் திறந்தார். காற்று மட்டும்தான் வந்தது. மறுபடி திறந்தார். பஞ்சரான டியூப் போல ஒரு சீறல்.

போதகர் கையிலிருந்த ஜாடி சரிந்து தண்ணீர் கொட்டியது. "என்னய்யா இது? இன்னைக்குப் பாத்தா?"

மிளகுப் பால், தேன், சுக்குக் கஷாயம் எல்லாம் பறந்து வந்தன. போதகரே தம்ளரைப் பிடித்து ஊட்டினார். தொண்டை திறக்கவில்லை.

டீச்சருக்கு உறுத்தல்தான். பாட வைக்கத்தானே ஹோம்வொர்க் கொடுத்தார், வாயடைக்கவா? ஆனாலும் நெஞ்சின் ஒரு மூலையில் கோயில் மணி அடித்ததை அவரால் மறுக்க முடியவில்லை.

"பரவாயில்ல பிரதர். நாளைக்கு வாய மட்டும் அசைங்க, போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

ஞானசிகாமணியின் கண்கள் கலங்கின. பாட்டின் மேல் இவ்வளவு ஆசையா என்று டீச்சருக்கே இரக்கமாகிவிட்டது.

ஈஸ்டர் காலை. லில்லி வாசம், புதுத்துணி வாசம், பின்கட்டிலிருந்து மட்டன் வாசம். இரண்டு சபையும் தோளோடு தோள் இடித்து நிறைந்திருந்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு பாட்டை எடுத்தார். இடது காது தெளிவாக இருந்தது. வழியை மறிக்க ஒரு குரலும் இல்லை. அவருடைய குரல் மட்டும் தங்குதடையில்லாமல் எழும்பி, கூரையைத் தொட்டு, வாசலைத் தாண்டி, தெருவுக்கே போயிற்று.

கீழ்க்கட்டளை கொயர் இமைக்காமல் நின்றது. அமீருதீன் பாய் பெட்டியை நோக்கித் தாவினார். போதகரின் உதடுகள் விடாமல் ஜெபித்தன. முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை அழத் தொடங்கியது. பாட்டு முடிந்ததும் ஆமென் சொல்லக்கூட யாருக்கும் வாய் வரவில்லை.

'மெய்ம்மறந்துட்டாங்க' என்று நினைத்துக்கொண்டார் டீச்சர். நினைத்ததை முடித்துவிட்ட நிம்மதியில் அவருக்குப் பசித்தது.

சாப்பாட்டுப் பந்தியில் ஞானசிகாமணியின் மனைவி ரோஸ்லின் வந்து நின்றாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. "டீச்சர், எங்க வீட்டுக்காரர மன்னிச்சிருங்க. அவமானத்துல சாப்பிடக்கூட வரமாட்டேங்கிறாரு."

"அவர் பாடலன்னா என்னம்மா இப்ப? அதான் பாட்டு நல்லபடியா முடிஞ்சுதே!"

ரோஸ்லின் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குடுத்த ஒரு வேலையச் செய்ய முடியலயேன்னு அழுவுறாரு டீச்சர், உங்க குரல் வெளிய கேக்காமப் பாத்துக்கத்தானே பாஸ்டரய்யா அவர கொயர்லயே சேத்தாரு!"