அப்பாவின் கனவில் வராத ஒருவர்

காஞ்சிபுரத்தில் என் அப்பாவின் கனவில் ஒரு தடவையாவது வராத மனிதர் யாராவது இருந்தால், அவர் வீட்டில் மின் இணைப்பு இல்லை என்று அர்த்தம். இணைப்பு இருந்தும் வராதவர் ஒரே ஒருவர்தான். அது என் அம்மா. இத்தனைக்கும் எங்கள் வீட்டு இணைப்பே அம்மா பெயரில்தான் இருக்கிறது.

அப்பாவுக்கு வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து அட்டையில் குறித்துவிட்டு வருகிற வேலை. வாசலில் நின்று "ரீடிங்" என்று ஒரு குரல் கொடுப்பார். அதுவே பெயராகிவிட்டது. பிள்ளையார்பாளையத்தில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் அஞ்சலிச் சுவரொட்டியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. "யாருப்பா இது, பாக்க நம்ம ரீடிங் மாதிரியே கீறாரு" என்று ஒருவர் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்த என்னிடமே கேட்டார். நான் ஐம்பதைத் தாண்டி, முடியை இழந்து, பத்திரிகையில் பெயர் வருகிற ஆள். இன்றும் தெருவுக்கு 'ரீடிங் பையன்'.

மீட்டர் பார்க்க அரை நிமிஷம் போதும். அப்பா அரை மணி நேரம் நிற்பார். முந்தின இரவு கனவில் அந்த வீட்டார் யாராவது வந்திருந்தால், அதை அவர்களிடம் ஒப்படைக்காமல் நகர மாட்டார். அவர்களுக்குச் சேர வேண்டியதைத் தான் வைத்துக்கொள்வது நியாயமில்லை என்பது அவர் கட்சி. ஓய்வு பெற்ற பிறகு மீட்டரை விட்டுவிட்டார், இதை விடவில்லை.

"நேத்து நீ வந்தம்மா" என்பார். உள்ளே தறிச் சத்தம் நிற்கும்.

"நானா சார்? எங்க?"

"தென்னேரி ஏரி. தண்ணி மேல நடந்து போய்க்கினு இருந்த. கால் நனையல. பின்னாடியே ரெண்டு கொக்கு. அதுங்களும் பறக்காம நடந்தே வருது."

"புடவ என்னா புடவ சார்?"

"பட்டு."

"என்னா கலரு?"

"கவனிக்கல."

"கலர பாக்காம என்னா சார் கனவு காண்றீங்க" என்று அந்தம்மா சலித்துக்கொண்டு தறிக்குத் திரும்புவார். ஆனாலும் அன்று முழுக்க அவர் நடையில் ஏரித் தண்ணீர் லேசாக அசைந்துகொண்டிருக்கும்.

கேட்கிறவர்களுக்குச் சுகம்தான். அகப்பட்டுக்கொண்டவர்களுக்குத்தான் சிரமம். கனவில் செய்ததற்கும் ஆள் பொறுப்பு என்று அப்பா உறுதியாக நம்பினார். ஒருநாள் காலை ஷேர் ஆட்டோ டிரைவர் ஒருவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்பா, தேர ஏன் ஐயம்பேட்டைக்கு அனுப்பின?"

"எந்தத் தேரு சார்?"

"நேத்து. யாரும் இழுக்கல, தானா வந்துது ராஜ வீதியில. ஒரே பனி. உன் வண்டி பக்கத்துல நின்னு கூரத்துக்கு வழி கேட்டுது. நீ கைய வேற பக்கம் காட்டின."

"சார், நான் எட்டு மணிக்கே வண்டிய விட்டுட்டேன்."

"அதத்தான் நானும் கேக்கறேன். சவாரி இல்லாத நேரத்துல உனக்கு எதுக்கு வழி சொல்ற வேலை?"

ஒரு வாரம் அந்த ஆட்டோவில் ஏறவில்லை. கடைசியில் டிரைவரே வீட்டுக்கு வந்து, இனிமேல் தேர் கேட்டால் சரியாகச் சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

தன் தப்புக்கும் அதே சட்டம். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற பாய் ஒருவர் கடையில் போய் நின்றார். அதுவரை இருவரும் அதிகம் பேசியதில்லை.

"பாய், நேத்து உங்க மேல கை வெச்சுட்டேன். மன்னிக்கணும்."

விஷயத்தைக் கேட்டுக்கொண்ட பாய், "நான் திருப்பி அடிக்கல?" என்றார்.

"இல்ல. சிரிச்சுக்கினு இருந்தீங்க."

"அப்ப அது நான் இல்ல. என் தம்பி. ஆம்பூர்ல கீறான், போய்ப் பாத்துட்டு வந்துடு."

அப்பா நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். வேடிக்கைக்குச் சொன்ன பாய், கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடிவந்து, பஸ் கிளம்பும் முன் அவரை இறக்கினார். அன்றிலிருந்து இருவரும் உயிர்ச் சிநேகிதர்கள்.

எழுத்தில் எனக்கு வாத்தியாரும் அப்பாதான். கனமான புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். அதனால் தோள்வலிதான் வந்தது. சின்ன வயதில் காலையில் பல் தேய்க்கும்போது, "நேத்து உனக்கு யாரு வந்தா?" என்று கேட்பார். நானும் விட்டுக்கொடுக்காமல் சிங்கம், கப்பல் என்று அடித்துவிடுவேன். "சிங்கம் இவ்ளோ ஒழுங்கா நடந்துக்கினுதுன்னா, இது முழிச்சுக்கினு கண்டது" என்று தள்ளுபடி செய்துவிடுவார். பிற்பாடு என் கட்டுரைகளுக்கும் அதே தீர்ப்பு. "நல்லாத்தான் இருக்குது. ஆனா முழிச்சுக்கினே எழுதியிருக்க." என் முகம் தொங்கியதும் டீக்கடைக்குக் கூட்டிப்போவார். சண்டை போடவும் சமாதானமாகி டீ குடிக்கவும் எனக்கு வேறு நண்பர் தேவைப்பட்டதில்லை.

இந்த வருஷம் வெயில் ஏறுவதற்கு முன்னால், ஒரு பிற்பகல் தூக்கத்தில் அப்பா போய்விட்டார். எதிரே வருகிற யாருக்கோ ஒதுங்கி வழிவிடுகிற மாதிரி லேசாக ஒருக்களித்திருந்தார். அதற்குப் பிறகு அம்மா பகலில் கண்ணை மூடுவதில்லை.

காரியமெல்லாம் முடிந்ததும் தெரு திருப்பித் தர ஆரம்பித்தது. காலையில் கதவைத் திறந்தால் யாராவது நிற்பார்கள். ஏரி மேல் நடந்த அம்மாள் வந்தார். "நேத்து வந்தாரும்மா. எங்க மீட்டரு முன்னால நின்னாரு. இளம்பச்சை சட்டை. நான் கலர நல்லா பாத்து வெச்சுக்கினேன்." ஆட்டோ டிரைவர் வந்தார். "பின் சீட்டுல உக்காந்துக்கினு வந்தாரும்மா. எங்க போறோம்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல. ரோடெல்லாம் வெளிச்சமா இருந்துது." அம்மா எல்லோருக்கும் காபி கொடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஊரே அவரு கனவுல வந்துது. நான் என்னைக்காச்சும் வந்தனா? உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

"அவரையே நீ கேட்டிருக்கலாமேம்மா."

"எப்படிக் கேக்கறது? இல்லன்னுட்டார்னா? அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராதேப்பா."

எனக்கு வரும். பிழைப்பே அதுதான். கோயில் குளப்படி, மல்லிகைப்பூ, நிலா என்று அம்மாவை வைத்து ஒரு கனவு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் எதிரே இருந்தது அவரோடு வாழ்க்கை முழுக்கக் குடித்தனம் நடத்தியவள். முழித்துக்கொண்டு கண்ட கனவைச் சொன்னால் கீரைக்காம்போடு சேர்த்துக் கிள்ளிப் போட்டுவிடுவாள். சட்டையை மாட்டிக்கொண்டு பாய் கடைக்குப் போனேன்.

பாய் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"நானும் ஒரு தடவ இதக் கேட்டேன் பேட்டா. 'என்னா ரீடிங், ஊர்ல எல்லாரும் வர்றாங்க, வீட்டம்மா மட்டும் வர்றதில்லியா'ன்னு. உங்கப்பாவுக்குக் கோவம் வந்துடுச்சு."

"என்ன சொன்னார்?"

"'வராம என்ன பாய், தெனம் வர்றா'ன்னாரு. 'அவ வந்த உடனே எனக்கு முழிப்பு வந்துடுது. கண்ணத் தொறந்தா பக்கத்துல தூங்கிக்கினு இருக்கா. எது வரைக்கும் கனவு, எதுல இருந்து அவளுன்னே தெரியல. தெரியாதத போய் அவகிட்ட என்னான்னு சொல்றது'ன்னாரு."

பாய் கம்பியை வெட்டினார். "நான் அன்னிக்கு சிரிச்சுட்டேன்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தையைக்கூட அழகுபடுத்தவில்லை. என் தொழிலில் இது அபூர்வம்.

"பாய் அளக்கறாரு" என்றாள்.

"இருக்கலாம்."

மீதிக் கீரையை ஆய ஆரம்பித்தாள். "நல்லாத் தூங்கிக்கினு இருக்கறப்ப எழுப்பி, 'தண்ணி வேணுமா'ன்னு கேப்பாரு. நானா கேட்டேன் தண்ணின்னு எத்தன நாள் எரிஞ்சு விழுந்திருக்கேன்." கையிலிருந்த காம்பைத் தட்டில் போட்டாள். "நான்தானான்னு பாத்துக்கினு இருந்திருக்காரு."

பிறகு தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள். "ஃபேன ரெண்டுல வை. கொஞ்ச நேரம் படுக்கறேன்."

கட்டிலின் ஓரத்தில், பக்கத்தில் இடம் விட்டுப் படுத்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். கொரியர்காரர், கேஸ்காரர், புதுக் கனவோடு வருகிற தெருக்காரர்கள், யாரும் காலிங்பெல்லை அழுத்திவிடக் கூடாதே. அப்பாவைப் பற்றிக் கவலையில்லை. அவர் வருவதாக இருந்தால் பெல் அடிக்க மாட்டார்.