முப்பத்தி ஒண்ணாவது விஞ்ஞானி

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்க தங்கச்சி வீட்டுக்காரன் எழுதிக்கிறது. நான் நலம்னு எழுதணும், எழுதிட்டேன். அங்க அத்தை, மாமா, அக்கா, பிள்ளைங்க எல்லாரும் நலமா இருக்கணும்.

விஷயம் அவசரம். பல்கலைக்கழகத்துல படிச்சுப் பேர் வாங்கின விஞ்ஞானிங்க நாப்பது பேரோட பேரை எஃகுத் தகட்டுல பொறிச்சு நூலகத்து முன்னால வைக்கிறாங்க. கிணத்துத் தண்ணில உப்பு எவ்வளவுன்னு காட்டுற கருவியைச் செஞ்சதுக்காக உங்க தங்கச்சி முப்பத்தி ஒண்ணாவது. சந்தோஷம்தான். ஆனா அவ போய் நாலு மாசம் ஆச்சு, பட்டியல்ல காலமானவங்க எல்லாருக்கும் பிறந்தது, இறந்ததுன்னு ரெண்டு வருஷமும் போட்டிருக்கு, இவளுக்கு மட்டும் பிறந்த வருஷத்தைப் போட்டு ஒரு கோடு இழுத்து விட்டிருக்கு. ஃபோன் பண்ணா, பட்டியல் தயார் பண்ற பிரிவோட எழுத்தர், "உயிரோட இருக்கிறவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும் சார், அதான் விதி"ங்கிறார். "வர முடியாது"ன்னேன். "வெளிநாடா?"ன்னு கேட்டு, நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவரே எழுதிக்கிட்டார். மறுநாள் எந்த நாடுன்னு ஒரு மெயில், அதுக்கு நான் பதில் போடாததால துணைவேந்தர் ஆபீஸ்ல இருந்து, அங்க மணி என்னவா இருந்தாலும் பரவாயில்லை, திறப்பு விழாவுல மேடம் வீடியோல அஞ்சு நிமிஷம் பேசட்டும்னு இன்னொரு மெயில், அதுக்குன்னு பெரிய திரை ஒண்ணு வந்து இறங்கியாச்சு, அதைச் சரிபார்க்க யாரைக் கூப்பிட்டாங்க தெரியுமா, என்னை. ஆய்வகக் கருவி ரிப்பேர் பாக்கிறவன் நான்தானே. போனேன். திரை நல்லா வேலை செய்யுது. "மேடம் முகம் இந்த உயரத்துல வரும், சரியா சார்?"ன்னார் எழுத்தர். "அவ அவ்வளவு உயரம் இல்லை, ரெண்டு அடி இறக்குங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

வெள்ளிக்கிழமை தகட்டைப் பொறிக்கக் கொடுக்கிறாங்க. எஃகுல விழுந்தா விழுந்ததுதான். நீங்க இறப்புச் சான்றிதழோட வந்து அந்த எழுத்தரை நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கணும். கோடு போடத் தெரிஞ்ச மனுஷனுக்குப் பக்கத்துல ஒரு வருஷம் எழுதத் தெரியாதா.

பெரியவங்களுக்கு என் வணக்கம், பிள்ளைங்களுக்கு என் அன்பு, அக்காவைத் தனியா விசாரிச்சதாச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க மாப்பிள்ளை

பின்குறிப்பு: எழுத்தரைத் திட்ட வேண்டாம். அவ விவரம் கேட்டுப் பல்கலைக்கழகம் அனுப்பின படிவத்தோட நகலை இப்பதான் எடுத்துப் பார்த்தேன். எல்லாக் கட்டமும் நிரப்பியிருக்கு, அந்த ஒரு கட்டம் மட்டும் காலி. நிரப்பினது நான். வெளிநாடான்னு அவர் கேக்கவும் இல்லை, நான்தான் சொன்னேன். சொன்னதும், "எப்ப சார் திரும்பி வருவாங்க?"ன்னார். இந்த நாலு மாசத்துல யாரும் என்கிட்ட அப்படிக் கேக்கலை மச்சான். அதுக்கப்புறம் ரெண்டு தடவை சும்மாவே அவருக்கு ஃபோன் பண்ணேன். நீங்க வியாழக்கிழமையே வந்து சொல்லிடுங்க. நான் போனா ஏதாவது ஒரு நாட்டைச் சொல்லிடுவேன்.