மலையேறிய முக்கால் கார்

சில ஆம்பளைங்களுக்குக் குடிப்பழக்கம் இருக்கும், சிலருக்குச் சீட்டாட்டம். என் வீட்டுக்காரருக்கு இருந்தது கழட்டற பழக்கம். கடிகாரம், கிராமபோன், கிணத்து ராட்டினம், எது கண்ணில் பட்டாலும் கழட்டிப் பார்ப்பார். திரும்ப மாட்டற பழக்கம்தான் கடைசி வரைக்கும் வரவே இல்லை. நல்ல மனுஷர்தான். ஆனால் நல்ல மனுஷர் கையில் ஒரு ஸ்பேனர் கிடைத்தால் குடும்பம் என்ன கதி ஆகும்னு என்னைக் கேட்டால் சொல்லுவேன்.

சித்தூருக்குப் பக்கம் பங்காருபாளையத்தில் எங்களுக்கு மாங்காய் மண்டி. நான் கல்யாணம் ஆகி வந்த புதுசு. படிச்சது அஞ்சாங்கிளாஸ், பேசினது அதைவிடக் கம்மி. மாமனார் எதிரில் குரலே எழும்பாது. வீட்டுக்காரரிடம் ஏதாவது கேட்கணும்னா சுவரைப் பார்த்துக் கேட்பேன். (பதிலும் சுவருக்குத்தான் வரும்.)

அப்போதுதான் அந்தக் கார் வந்தது. ஒரு ஜமீன் வீட்டில் வெச்சுக்க முடியாமல் தள்ளிவிட்ட சீமைக் கார். ரெண்டே கதவு, நீள மூக்கு, பின்பக்கம் வழிஞ்சு இறங்கின முதுகு. நிற்கும்போதே ஓடற மாதிரி இருக்கும். உள்ளே தோல் சீட்டு, முகம் தெரியற மாதிரி பாலிஷ் போட்ட மரப் பலகை, காலுக்குக் கம்பளம். எங்கள் வீட்டுக் கூடத்தைவிட அதன் உள்பக்கம் நல்லாயிருந்தது.

என் நாத்தனார் கமலாவுக்குத் திருத்தணியில் மாப்பிள்ளை நிச்சயமாகி, திருமலையில் கல்யாணம்னு முடிவாகியிருந்தது. காரைப் பார்த்த மாமனார், "எங்க பொண்ணு சீமைக் காருலதான் வந்து எறங்கும்"னு சம்பந்தி வீட்டுக்குச் சொல்லி அனுப்பிட்டார்.

சொல்லி அனுப்பின பிறகுதான் வெள்ளோட்டம் பார்த்தோம். மலைப் பாதையில் பாதிகூட ஏறலை, கார் ஒரு பெருமூச்சு விட்டுட்டு நின்னுடுச்சு. பின்னாலேயே உருட்டிக்கினு இறங்கினோம். பஸ்ஸில் போனவங்க தலையை நீட்டிச் சிரிச்சாங்க. முந்தானைக்குள்ளே புதைச்ச முகத்தை நான் சித்தூர் வந்துதான் வெளியே எடுத்தேன்.

"இஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல நைனா," என்றார் இவர் மாமனாரிடம். "எடைதான். எடையக் கொறச்சா இது பறக்கும்."

அது எங்கள் ஜில்லாவே எடை குறைச்சுக்கினு இருந்த காலம். ஆந்திரா தனியாகப் பிரிஞ்சாச்சு, எல்லைத் தகராறு மட்டும் ஓய்ந்தபாடில்லை. சித்தூர் ஜில்லாவிலிருந்து திருத்தணியைக் கழட்டி மெட்ராஸுக்குக் கொடுக்கலாமா வேணாமான்னு பெரிய பெரிய ஆளுங்க அங்கே பேசிக்கினு இருந்தாங்க. இங்கே மண்டிக் கொட்டகையில் இவர் காரைக் கழட்டிக்கினு இருந்தார்.

முதலில் பம்பர் போச்சு. அப்புறம் ஸ்டெப்னி, கம்பளம், அந்தப் பாலிஷ் பலகை. பின்சீட்டு மொத்தமாகப் பெயர்ந்து வந்து மாங்காய்க் குவியல் பக்கத்தில் உட்கார்ந்தது. ஒருநாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், இடது பக்கக் கதவைக் காணோம்.

சுவரைப் பார்த்துக் கேட்டேன். "கதவு...?"

"அந்தக் கதவு இன்னா கனம் தெரியுமா? ஏறி எறங்க ஒரு கதவு போதாதா? அதுவுமில்லாம, கமலா வந்து எறங்கறப்ப நாலு பேருக்கு நல்லாத் தெரியும் இல்ல?"

காரில் கழட்ட வேறொண்ணும் மிச்சம் இல்லாமல் போனதும் அவர் கண் என் மேல் விழுந்தது. கல்யாணப் பெண்ணுக்குத் துணையாக நான்தானே போகணும்!

"இந்தாமே, அந்தத் தராசுல ஏறி உக்காரு."

மாங்காய் நிறுக்கிற தராசு. ஒரு தட்டில் நான். இன்னொரு தட்டில் எடை போடற முனிரத்தினம் கல்லைத் தூக்கி வெச்சார். மண்டியில் ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க. முதல் எடைக்கு "லாபம்"னுதான் குரல் கொடுக்கணும், அப்போதான் வியாபாரம் பெருகும். முனிரத்தினத்துக்குத் தெருக்கூத்துக் குரல். "லாபோம்... ரெண்டேய்... மூணேய்..." கூலியாளுங்க அத்தனை பேரும் மாங்காயை விட்டுட்டு என்னைப் பார்த்தாங்க. வெங்கடேசா, இந்தத் தராசுக் கயிறு அறுந்து நான் செத்துப் போயிடணும்னு வேண்டிக்கினேன். அறுந்தால் "இவ கனம் தாங்கல"ன்னு பேராயிடுமேன்னு பயந்து, உடனே வேண்டுதலை வாபஸ் வாங்கிக்கினேன்.

அன்னியிலிருந்து எனக்குப் பாதி உருண்டை களி, ராத்திரிக்கு மோர். மண்டியில் மல்கோவாவும் பங்கனபள்ளியும் மலை மாதிரி குவிஞ்சு கிடக்க, சீசன் பூரா ஒரு பழம் துன்னாமல் இருந்தவள் அந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கமலா மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒரு பழத்தை நீட்டுவாள். "வேணாம் கமலா, உன் கல்யாணம் நின்னுடப் போவுது"ன்னு முகத்தைத் திருப்பிக்குவேன். அவ்வளவு நம்பினேன் பாருங்கள், என்னை எதால் அடிக்கிறது!

மாமனார், மாமியார், உறவுக்காரங்க எல்லாரும் முதல் நாளே பஸ்ஸில் மலைக்குப் போயிட்டாங்க. கல்யாணத்தன்னிக்கு விடியறப்பவே நாங்கள் மூணு பேர் கிளம்பினோம். கமலாவை முன்சீட்டில் உட்கார வெச்சு, கதவு இருந்த இடத்தில் அவள் விழாமல் இருக்கத் தாம்புக் கயிறு கட்டினார். பட்டுப் புடவையும் ஒட்டியாணமுமாகப் பெண், குறுக்கே மாடு கட்டற கயிறு. பின்னாடி வெறும் தகரத் தரையில் ஒரு மாங்காய்க் கூடையைக் கவிழ்த்துப் போட்டு நான். புறப்படறப்ப என் தலையைப் பார்த்தார். "மலையில பொம்பளைங்க பூ வெக்கக் கூடாது." அந்த வழக்கம் எனக்குத் தெரியாதா? திருப்பதி வரைக்குமாவது இருக்கட்டும்னு வெச்சிருந்த ஒரு முழம் மல்லியையும் எடுத்து வெளியே போட்டார். அதுவும் எடைதானே!

சும்மா சொல்லக் கூடாது, கார் பறந்தது. மலையடிவாரம் தாண்டி வளைவு வளைவாக ஏறினப்போ, "பாத்தியா, பாத்தியா"ன்னு ஸ்டியரிங்கைத் தட்டினார். நானும் கூடைக்குள்ளே போகாத குறையாக உட்கார்ந்துக்கினு, பசியோட பெருமைப்பட்டேன்.

அப்போ தூறல் போட்டது. ஒரு கொண்டை வளைவில் ரோடு எண்ணெய் தடவின மாதிரி ஆயிடுச்சு. கார் நின்னுது. இவர் மிதிக்கிறார், பின்சக்கரம் விர்ருன்னு சுத்துது, கார் மட்டும் நகரலை. பக்கவாட்டில் வழுக்குது. அந்தப் பக்கம் பள்ளம்.

"பின்னாடி கனமே இல்ல," என்றார் இவர், ஏதோ அயலான் வந்து கழட்டிக்கினு போன மாதிரி. "சக்கரம் ரோட்டப் புடிக்கல. ஏமே, குதி!"

குதிச்சேன். பட்டுப் புடவையோட, தகரத்து மேலே, தவளை மாதிரி குதிச்சேன். சக்கரம் சுத்தினபடியே சுத்துது.

"நீ பத்தல," என்றார்.

பட்டினி கிடந்த அத்தனை நாளும் என் கண் எதிரில் வந்து வரிசையாக நின்னுது.

அதற்குள் பின்னாடி மலை பஸ் வந்து நின்னு ஹாரன் அடிச்சது. கண்டக்டர் இறங்கி, "ஏமண்டி, தாரி விடண்டி!"ன்னு தெலுங்கில் கத்தினார். வழி விட நகர்ந்தால்தானே! பஸ்ஸிலிருந்து குடை பிடிச்சுக்கினு ஒரு பெரியவர் இறங்கினார். அவர் பின்னால் ஒவ்வொருத்தராக இறங்கினாங்க. பார்த்தால், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க.

குடை பிடிச்ச பெரியவர்தான் சம்பந்தி. காரை ஒரு சுத்து சுத்தி வந்தார். கயிறைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சீமைக் காருன்னீங்களே, மீதி எங்க?"

இவர் இறங்கிச் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"எங்க ஊரத்தான் கழட்டப் போறாங்கன்னு நாங்க பயந்துக்கினு இருக்கோம். நீங்க அதுக்குள்ள காரையே கழட்டிட்டீங்களே!"

முகூர்த்தத்துக்கு நேரம் நெருங்குது. ரோட்டோரம் கல்லைப் பொறுக்கிப் பின்னாடி போடலாம்னு இவர் குனிஞ்சார். சம்பந்தியம்மா பதறிட்டாங்க. "ஐயோ, தொடாதீங்க! சாமி மலை. ஒரு கல்லக்கூட எடத்த விட்டு நகத்தக் கூடாது. பாவம் வந்து சேரும்."

"அப்ப கனத்துக்கு இன்னா பண்றது?" என்றார் சம்பந்தி. சொல்லிட்டு அவங்களையே பார்த்தார். எல்லாரும் பார்த்தோம். சம்பந்தியம்மா நல்ல வாட்டசாட்டம், அவங்க தங்கச்சி அதுக்கும் மேல.

"ஏறு. புண்ணியம் உனக்குத்தான்," என்றார் சம்பந்தி.

நான் இறங்கிக்கினேன். அந்த அம்மா முனகிக்கினே ஏறி, வெறும் தகரத்தில் உட்கார்ந்தாங்க. கார் பின்பக்கம் நல்லா அமுங்குச்சு. அது அமுங்கின சந்தோஷத்தில், பிறந்ததிலிருந்து மண்டியிலேயே கிடந்த என் வீட்டுக்காரர் வாயிலிருந்து, அவரே அறியாமல், முழுக் குரலில் வந்தது:

"லாபோம்!"

பஸ் பூரா சிரிச்சது. சம்பந்தியம்மா முகம் செவந்து போச்சு. "என்னை இன்னா மாங்காக் கூடைன்னு நெனச்சானா? எறக்குங்க என்னை. ஊருக்குப் போலாம். இந்தச் சம்பந்தமே வேணாம்!"

நான் ஏதாவது சொல்லணும், என்ன சொல்றது? பக்கத்தில் சுவர்கூட இல்லை.

கமலாதான் திரும்பினாள். கண்ணெல்லாம் தண்ணி. "அத்தே, எங்க அண்ணன் என்னக் கயித்தால கட்டி வெச்சிருக்கார். நான் எறங்கிப் போவ முடியாது. நீங்களும் போயிடாதீங்க அத்தே."

அந்த அம்மா கயிறைப் பார்த்தாங்க. அப்புறம் தங்கச்சியைப் பார்த்து, "வந்து ஏறுடி. என் தலையெழுத்து, மருமவளக் காப்பாத்த நான் மூட்டையா வரணும்"னாங்க. தங்கச்சி ஏறினதுதான் தாமதம், சக்கரம் ரோட்டைக் கவ்விச்சு, கார் கிளம்பி வளைவில் மறைஞ்சது. எல்லாரும் ஓடி பஸ்ஸில் ஏறினாங்க, பஸ்ஸும் கிளம்பிச்சு.

நான் பஸ்ஸில் வரேன்னு காரில் இருந்தவங்க நினைச்சிருக்காங்க. காரில் போயிட்டேன்னு பஸ்ஸில் இருந்தவங்க நினைச்சிருக்காங்க. கூப்பிட்டிருக்கலாம்தான். புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிடற வழக்கம் எங்களில் இல்லை. "ஏங்க"ன்னு நான் கூப்பிட்டது எனக்கே கேட்கலை.

நடந்தேன். தூறலில், பட்டுப் புடவையை முட்டிக்கு மேலே தூக்கிச் சொருகிக்கினு நடந்தேன். போய்ச் சேர்ந்தப்போ தாலி கட்டி முடிஞ்சு, பந்தியும் முடிஞ்சு, எச்சில் இலை எடுத்துக்கினு இருந்தாங்க. "எங்க போயிட்டே?"ன்னு கேட்டார் இவர். அவர் முகத்தைப் பார்த்தேன். அன்னிக்குத்தான் முதல் தடவையாகச் சுவரைப் பார்க்காமல் அவரை நேராகப் பார்த்தேன். அதிலேயே எல்லாம் புரிஞ்சுக்கினு, எங்கேயோ போய் ஒரு தொன்னை புளியோதரை வாங்கிக்கினு வந்தார்.

கார் இறங்கி வந்ததோட சரி, யாரும் அதை மாட்டலை. அந்த இடது கதவு மட்டும் எங்கள் கோழிக் கூண்டுக்குக் கதவாச்சு. கண்ணாடி ஏத்தி இறக்கற கோழிக் கூண்டு அந்தச் சுத்து வட்டாரத்திலேயே எங்கள் வீட்டில்தான் இருந்தது. திருத்தணி மெட்ராஸுக்குப் போச்சு, கமலாவும் அதோடு போனாள். சம்பந்தியம்மா சாகற வரைக்கும் மண்டிப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆனால் நான் அங்கே போனால் மட்டும் இலையில் அவங்களே குவிச்சுப் பரிமாறுவாங்க. "துன்னுமா, துன்னு. நீ ஒழுங்காத் துன்னிருந்தா நான் அன்னிக்கு மூட்டையா ஏறியிருக்க மாட்டேன்." இன்னிக்கும் எங்கள் வீட்டில் யார் சோறு போதும்னாலும், கமலா பிள்ளைங்க கோரஸாக, "பத்தல!"ன்னு கத்துங்க.

போன மாசம் பேரன் பெங்களூரிலிருந்து ஒரு புதுக் கார் கொண்டு வந்தான். ரெண்டே கதவு, நீள மூக்கு. "மலைக்குப் போலாம் ஆயா, ஏறு. இதுல வெயிட்டக் கொறச்சிருக்காங்க, அதான் இந்த ஸ்பீடு"ன்னான்.

கதவு ரெண்டையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

"இரு கண்ணு"ன்னு சொல்லிட்டு வீட்டுக்குள்ளே திரும்பினேன். "இன்னும் ரெண்டு இட்லி துன்னுட்டு வரேன்."