சப்போர்ட் கம்பியைக் கழற்றிய கதை

முன்பின் தெரியாத ஆட்களிடம் நல்ல பேர் வாங்க நான் செய்த அசட்டுத்தனங்களை எழுத ஆரம்பித்தால் ஒரு நோட்டு போதாது. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் இடது மணிக்கட்டில் இன்னும் அடையாளம் இருக்கிறது. மழை வந்தால் வலிக்கும். இதை எழுதும்போதும் கொஞ்சம் வலிக்கிறது.

கம்பெனிகள் வந்து எங்கள் பக்கத்துப் பையன்களைக் கூட்டம் கூட்டமாக அள்ளிக்கொண்டு போன காலத்தில், வடமாலபேட்டையிலிருந்து பெங்களூருக்குப் போனவன் நான். ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்தே பத்து வருடம் ஓடிப்போனது. சம்பளம் வந்தது, தொப்பை வந்தது, பேச ஆள் மட்டும் வரவில்லை. அப்போதுதான் இணையத்தில் பழைய சைக்கிள் பிரியர்களின் குழு ஒன்று கண்ணில் பட்டது. சேர்ந்தேன்.

சேர்ந்தேன் என்பதுகூட அதிகம். புதிதாக வருகிறவனுக்கு அங்கே 'பார்வையாளர்' என்று பெயர். படம் போடலாம், கருத்து சொல்லக் கூடாது. முழு உறுப்பினர் ஆவது அட்மின் கையில் இருந்தது. நான் நைனாவின் சைக்கிளைப் படமெடுத்து, "அப்பாவின் இங்கிலாந்து வண்டி, இன்னும் நன்றாக ஓடுகிறது" என்று போட்டேன். சென்னைக்காரரான அட்மின், "ஓடுவது பெரிய விஷயமில்லை நண்பரே, ஒரிஜினலா என்பதுதான் கேள்வி" என்று எழுதினார். அதற்கு ஏகப்பட்ட லைக்.

கேரியர் உள்ளூர் சரக்காம், சீட் டூப்ளிகேட்டாம், பெடலைப் பற்றிப் பேசவே கூடாதாம். எல்லாவற்றையும்விட, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரு பக்கமும் நைனா தனியாகப் போட்டிருந்த சப்போர்ட் கம்பிகள்தான் அவர்கள் கண்ணை உறுத்தின. ஒருவர் அதைப் பார்த்து "ஐயோ" என்று மட்டும் எழுதியிருந்தார். எட்டு மாதம் பார்வையாளராகவே கிடந்தேன். (எனக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு காக்க வைக்கவில்லை.)

பிறகு திருப்பதியில் குழு கூடப்போவதாக அறிவிப்பு வந்தது. வண்டியை நேரில் காட்டி ஒரு ரவுண்டு ஓட்டினால் என் விஷயத்தைப் பரிசீலிப்பார்களாம். பெங்களூர் பழைய இரும்புக் கடைகளில் தேடிப் பிடித்த கேரியர், சீட், பெடலோடு லீவு போட்டு ஊருக்கு வந்தேன்.

நைனா தினமும் புல்லுக்கட்டு ஏற்றிவருவது அந்த வண்டியில்தான். ஒரு நாளைக்குத்தானே என்று கேரியரைக் கழற்ற விட்டார். ஸ்பானர் கம்பிப் பக்கம் போனதும் வாயைத் திறந்தார்.

"அதுல கை வெக்காதடா. ஃபோர்க்குல விரிசல் கீது. அதுக்குத்தான் போட்டேன்."

"வண்டி வரும்போது கம்பி இருந்துச்சா நைனா?"

"வண்டி வரும்போது நீயுந்தான் இல்ல. உன்னையும் கழட்டிடலாமா?"

கழற்றினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார்.

ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் கூடியிருந்தார்கள். அவர்களுடைய சைக்கிள்கள் கம்பளி போர்த்திக்கொண்டு வேனில் வந்திருந்தன. எங்களுடையது தக்காளிக் கூடைகளுக்கு நடுவே மினி லாரியில் வந்து இறங்கியது. அட்மின் குனிந்து முன்பக்கத்தைப் பார்த்தார்.

"கம்பிய எடுத்துட்டீங்களா? வெரி குட்."

எட்டு மாதத்தில் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கியது.

"ஃபோர்க்தான் கொஞ்சம் டவுட்டா இருக்கு. சரி, ஒரு ரவுண்டு போங்க."

ஏறி மிதித்தேன். மண்டபத்து கேட் அருகே ஒரு வேகத்தடை. பத்து வருடச் சம்பளத்தில் வளர்த்த உடம்பு அதன்மேல் ஏறி இறங்கியதும், நைனா சொன்ன அதே இடத்தில் ஃபோர்க் முறிந்தது. வண்டி நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.

எல்லோரும் ஓடி வந்தார்கள். என்னிடம்தான் என்று நினைத்தேன். என்னைத் தாண்டிப் போய் ஃபோர்க்கைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருவர் உடைந்த குழாய்க்குள் டார்ச் அடித்தார்.

"சார், உள்ள பாருங்க. அந்தக் காலத்து ஜாயின்ட்."

"அப்ப ஒரிஜினலேதான்," என்றார் அட்மின். கைதட்டல் எழுந்தது. தரையில் கிடந்தபடியே நான் முழு உறுப்பினர் ஆனேன்.

"பையன் இங்க கீறான்பா," என்றார் நைனா. "யாராவது ஒரு கை புடிங்க."

ஒருவருக்கும் கை காலியாக இல்லை. அவரே என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன், எனக்காக அந்தக் கூட்டத்திடம் கேட்டு நின்றது மணிக்கட்டைவிட அதிகமாக வலித்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், உள்ளே கம்பி வைத்துவிடலாம் என்றார். நைனா "வத்து சார்" என்று தெலுங்கில் மறுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உனக்குத்தான் கம்பி புடிக்காதே."

அங்கிருந்து நேராக, எலும்பு முறிவுக்கு நாட்டுக் கட்டு போடுவதில் பேர்போன புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டு போடவைத்தார். கையை அசைக்காதே என்று அங்கே படித்துப் படித்துச் சொன்னார்கள். நான் கட்டோடு லேப்டாப்பைத் தட்டினேன். எலும்பு கூடியது, கொஞ்சம் கோணலாக.

குழுவில் இன்றும் முழு உறுப்பினர்தான். இதுவரை ஒரு கருத்துகூடச் சொன்னதில்லை, அலுத்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு யாராவது புதிதாக வந்து என் கையை உற்றுப் பார்த்தால் போதும், நைனா முந்திக்கொள்வார்.

"நம்ப பெரிய பையன். முழுக்க ஒரிஜினல். உள்ள கம்பி எதுவும் கெடையாது."