நாளுக்கு ஒரே ஒரு திட்டு

இந்த உலகத்தில் யாரும் யாரையும் இடிக்கக் கூடாது என்று சொல்வதற்காகவே பிறந்த மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் கேசான் அண்ணாச்சிதான். அப்படிப்பட்டவருக்கு வேலை கிடைத்த ஊரைப் பாருங்கள். தென்காசி! கூப்பிடு தூரத்தில் குற்றாலம். சீசன் வந்துவிட்டால் அங்கே அடுத்தவன் முழங்கை விலாவில் படாமல் தலை நனைக்க முடியாது.

எங்கள் கம்பெனி ஒரு அரிசிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. முதலாளி செல்வின், பாவூர்சத்திரத்தில் அப்பா நடத்திய பம்பு செட் கடையை மூடிவிட்டு, கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிகள் செய்து விற்றுக்கொண்டிருந்தார். பண்பொழியிலிருந்து பஸ்ஸில் வரும் இசக்கி அவற்றுக்குப் புரோகிராம் எழுதுவாள். நான் சோதித்துப் பார்ப்பேன். பெட்டியை இயக்கும் லினக்ஸ் மென்பொருளின் அடிவயிறான கெர்னல், அண்ணாச்சியின் ராஜ்ஜியம்.

கேசான் என்பது ஆள் பெயர் அல்ல, நாங்கள் வைத்த பட்டம். உண்மையில் அது கெர்னலோடு சேர்த்துக் கட்டுகிற ஒரு காவல். மெமரியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒதுக்கிய இடத்தைச் சுற்றி யாரும் நுழையக் கூடாத எல்லை ஒன்றைப் போட்டுவைக்கும். யாராவது கால் வைத்தால் அந்த நொடியிலேயே ஊரைக் கூட்டிவிடும். காலி செய்த இடத்தையும் உடனே அடுத்தவருக்குக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் பூட்டிவைக்கும். பழைய ஆள் மறதியில் திரும்பி வந்தால் கையும் களவுமாக மாட்டுவான். நல்ல ஏற்பாடுதான். அதை அண்ணாச்சி ஆபீசுக்கும் ரோட்டுக்கும் கொண்டுவந்ததுதான் வினை.

அவர் மேஜையைச் சுற்றித் தரையில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கும். டேப்பைத் தாண்டி நின்றுகொண்டுதான் பேச வேண்டும். டவுன் பஸ்ஸில் போனால் இரண்டு பக்கமும் பை வைத்துக்கொண்டு நடுவில் உட்காருவார். ஒருநாள் காய்கறிக் கூடையோடு ஏறிய ஆச்சி ஒருத்தி, ஒரு பையை எடுத்து அவர் மடியில் போட்டுவிட்டு அழுத்தி உட்கார்ந்தாள்.

"ஆச்சி, நடுவுல கொஞ்சம் இடம் கெடக்கட்டும்."

"எதுக்குய்யா?"

"யாராச்சும் எல்லை தாண்டினா தெரியணும்லா?"

"நான் தாண்டிட்டேன். தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுக் கூடையையும் அவர் மடியிலேயே ஏற்றினாள். அண்ணாச்சி குற்றாலம் வரைக்கும் முருங்கைக்காய்க்குப் பின்னால்தான் பயணம் செய்தார்.

நாற்காலி விஷயம் இன்னும் மோசம். ஒருவர் எழுந்துபோன நாற்காலியில் உடனே இன்னொருவர் உட்காரக் கூடாது. "அவன் இன்னும் தன் சேருன்னு நெனச்சுக்கிட்டுத் திரும்பி வருவாம்லே. கொஞ்சம் ஆறட்டும்" என்பார். இதனால் செல்வினே ஒரு மீட்டிங் முழுக்க நின்றுகொண்டே பேசினார். முதலாளியை நிற்கவைத்துச் சம்பளம் வாங்கியவர் வேறு எங்காவது இருந்தால் எனக்கு எழுதிப்போடுங்கள்.

ஆனால் அண்ணாச்சியிடம் ஒரு பெரிய சௌகரியம் இருந்தது. ஒருநாளைக்கு ஒரு தப்பைத்தான் பிடிப்பார். முதல் தப்புக்கு மாடியே அதிரும்படி கத்துவார். அதற்குப் பிறகு நீங்கள் சிவப்பு டேப்பில் கோலாட்டம் ஆடினாலும் கண்டுகொள்ள மாட்டார். ஏன் என்று இசக்கி ஒருமுறை கேட்டாள்.

"மொதத் தப்ப மட்டுந்தான் நம்பலாம் இசக்கி. அதுக்குப் பொறவு வருததெல்லாம் அதோட வினையாக்கூட இருக்கும். கேசானும் அப்படித்தான். மொதத் தப்பச் சொல்லிட்டு வாய மூடிக்கிடும்."

போதாதா எங்களுக்கு? அன்றிலிருந்து காலையில் நான் முதலில் வந்து, கீழ்க்கதவின் சாவியை முதல் ஆணியில் மாட்டாமல் இரண்டாவது ஆணியில் மாட்டுவேன். அண்ணாச்சி உள்ளே நுழைந்ததும் பார்வை அங்கேதான் போகும். "ஏலே, சாவி!" என்று ஒரு அலறல். அவ்வளவுதான், அன்றைய கணக்கு தீர்ந்தது. பிறகு நானும் இசக்கியும் சூடு ஆறாத நாற்காலிகளில் சுகமாக உட்கார்ந்திருப்போம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சைரன் பெட்டி வந்தது. குற்றாலத்துக்கு மேலே ஒரு பழத்தோட்டம். அதற்குள் ஓடும் ஓடையில் சின்ன அருவி ஒன்று உண்டு. தோட்டத்தில் தங்க வருகிறவர்கள் அதில் குளிப்பார்கள். மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். அதனால் மேலே ஓடையில் ஒரு பெட்டி. தண்ணீர் ஏறினால் கீழே சைரன் ஊத வேண்டும். சாரல் தொடங்குவதற்குள் கேட்டார் தோட்டக்காரர்.

பெட்டி நன்றாகத்தான் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று உறைந்துவிடும். ஒருமுறை கடிகாரத்தில் விழுந்தது என்று காட்டும், இன்னொருமுறை செய்தி அனுப்பும் மோடத்தில் என்று காட்டும். விழுகிற இடம் வேறு, தள்ளிவிட்ட ஆள் வேறு. மெமரியில் யாரோ அத்துமீறுகிறார்கள், யார் என்றுதான் தெரியவில்லை.

செல்வின் ஒரு யோசனை சொன்னார். "அண்ணாச்சி, மணிக்கொரு தடவ தானா அணைஞ்சு எரியுத மாதிரி வச்சிருவோம். தூங்குனாலும் முழிச்சிரும்லா?"

அண்ணாச்சி எழுந்து நின்றார். "தம்பி, குளிக்க வந்தவன் தலை நெறைய எண்ணெயத் தேச்சுக்கிட்டு கண்ண மூடிக்கிட்டு நிப்பான். அவனுக்கு இந்தப் பெட்டிதான் கண்ணு. அது தூங்குத நேரத்துல தண்ணி வந்தா என்ன செய்வீய? யாரு தப்பு செய்தான்னு பாக்காம இது இந்த மாடிப்படி எறங்காது."

கேசானைச் சேர்த்துக் கெர்னலைக் கட்டினார். பெட்டி கண்ணே திறக்கவில்லை. காவல்காரன் தன் குறிப்புக்கே எட்டில் ஒரு பங்கு மெமரியைக் கேட்பான். எங்கள் பெட்டியிலோ அவன் காலை நீட்டக்கூட இடமில்லை. அண்ணாச்சி விடவில்லை. கேமராவைக் கழற்றினார், திரையைக் கழற்றினார், வேண்டாத அமைப்புகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு மறுபடி மறுபடி கட்டினார். சாப்பிடும்போதுகூட விரல் இலையில் எதையோ அழித்துக்கொண்டிருந்தது. ஒருவழியாகப் பெட்டி எழுந்தது. ஆனால் சரியான மந்தம். மொட்டை மாடியில் வைத்து, சென்சார் மேல் நான் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, கீழே போய் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சைரன் ஊதியது. அரிசிக் கடைக்காரர் மூட்டையோடு ரோட்டுக்கு ஓடினார்.

"பையப் போகட்டும். கண்காணிக்க வந்தவன் ஓட மாட்டான்" என்றார் அண்ணாச்சி.

கேசான் பெட்டி எழுந்த உடனேயே ஒரு தப்பைப் பிடித்துக் காட்டியது. பெட்டியின் முகப்பில் மினுக்கும் சின்ன விளக்கு இருக்கிறதே, அதை இயக்கும் டிரைவர் புரோகிராம் தன் எல்லையைத் தாண்டி ஒரே ஒரு பைட் வாசித்துக்கொண்டிருந்தது. வாசிப்பதோடு சரி, எதையும் கெடுக்கவில்லை. போர்டு விற்றவர்கள் கொடுத்த டிரைவர். நாம் கைவைத்தால் வாரண்டி போய்விடும் என்று செல்வின் தடுத்துவிட்டார். ஒவ்வொருமுறையும் அந்த விளக்கின் பெயர் வரும், பிறகு மணிக்கணக்காக ஒரு சத்தமும் இருக்காது. பெட்டி மட்டும் பழையபடி உறைந்தது.

"அதான் கேசானே சுத்தம்னு சொல்லிட்டுதே. ஒரு பல்பு வெளக்குக்காகச் சீசன விட முடியுமா?" என்று செல்வின் புலம்பினார். மலையில் மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது. திங்கட்கிழமை பெட்டி போயே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் நான் வழக்கம்போலச் சாவியை மாற்றி மாட்டினேன். "ஏலே, சாவி!" என்று வழக்கம்போல அலறினார். பிறகு இசக்கி டீ கிளாஸோடு சிவப்பு டேப்பை மிதித்து நடந்துபோய், நான் எழுந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தாள். அண்ணாச்சி அதைப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏலே, நீ தெனமும் சாவிய வேணும்னேதான் மாத்தி மாட்டுதியா?"

இசக்கி டீ கிளாஸுக்குள் முகத்தை ஒளித்தாள். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"அந்தப் பல்பும் இதத்தாம்லே செய்யுது! மொதல்ல வந்து திட்ட வாங்கிட்டுப் போயிருது. பின்னால வருதவன் ராஜா மாதிரி உள்ள வாரான். காவக்காரன் வாய மூடிக்கிட்டு இருக்கான், என்னய மாதிரி!"

கெர்னல் எழும்போது படிக்கும் வரியில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தார். முதல் தப்போடு நிறுத்தாதே, வருகிற அத்தனையையும் சொல் என்று கேசானுக்கு உத்தரவு. அன்று மத்தியானம் பல்புக்குப் பின்னால் ஒளிந்திருந்தது வெளியே வந்தது. தண்ணீர் மட்டத்தை மோடம் வழியாக அனுப்பிவிட்டு, வைத்திருந்த இடத்தைக் காலி செய்கிறது ஒரு பகுதி. சைரன் பகுதியோ காலியான அந்த இடத்திலேயே இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்துக்கு அடுத்து யார் குடிவந்தாலும் அடி அவர்களுக்கு விழும்.

கெர்னலுக்குள் ஓடும் அந்த இரண்டு பகுதியையும் எழுதியது இசக்கி. அவள் முகம் சின்னதாகிவிட்டது.

"எதுக்கு முகத்தத் தொங்கப் போடுத? சேர விட்டு எந்திரிச்சவன் இன்னும் சாஞ்சுக்கிட்டு இருக்கான், அவ்வளவுதான். எழுப்பி விட்டுரு" என்றார் அண்ணாச்சி. அவள் எழுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு பல்பைத் தவிர வேறு பெயர் வரவில்லை, பெட்டி உறையவும் இல்லை. மலைக்கு அனுப்பும்போது மந்தமான கேசானைக் கழற்றிவிட்டு, அவ்வப்போது மட்டும் எட்டிப்பார்த்துப் போகிற லேசான ரோந்து ஒன்றைக் கெர்னலில் வைத்து அனுப்பினார்.

எங்களுக்குத்தான் கஷ்டகாலம். கேசானுக்குப் போட்ட உத்தரவை அண்ணாச்சி தனக்கும் போட்டுக்கொண்டார். சாவிக்கு ஒரு திட்டு, டேப்புக்கு ஒரு திட்டு, நாற்காலிக்கு ஒரு திட்டு.

சாரல் தொடங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெட்டியைப் பார்க்க நாங்கள் எல்லோரும் தோட்டத்துக்குப் போயிருந்தோம். நல்ல வெயில். அருவியில் ஒரு கூட்டம் ஆனந்தமாக நின்றது. திடீரென்று சைரன் ஊதியது. "வெயிலு இந்த அடி அடிக்கி, என்னத்த வெள்ளம்!" என்று எண்ணெய்த் தலையோடு திட்டிக்கொண்டே எல்லோரும் கரையேறினார்கள். கடைசி ஆள் பாறையைப் பிடித்து ஏறிக்கொண்டிருக்கும்போது தண்ணீரின் நிறம் மாறியது. பிறகு செம்மண்ணும் மரக்கிளையுமாக இறங்கியது பாருங்கள், அவர்கள் நின்றிருந்த இடமே தெரியவில்லை.

ஒடுக்கமான கரையில் அத்தனை பேரும் ஈரமும் எண்ணெயுமாக நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அண்ணாச்சி நடுவில் மாட்டிக்கொண்டார். பருத்த ஆள் ஒருவர் அவர் தோளில் சாய்ந்து மூச்சு வாங்கினார். ஒரு குழந்தை அவர் வேட்டியைப் பிடித்திருந்தது.

"அண்ணாச்சி, எல்லாரும் ஒங்கள இடிக்காவ" என்றேன்.

"இடிக்கட்டும்லே" என்றார். "எல்லாரும் இருக்காவல்லா."

இப்போது அவர் மகளோடு ஓசூரில் இருக்கிறார். சிவப்பு டேப்பைத் தரையிலிருந்து உரித்தாயிற்று. நாற்காலியில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் உட்காரலாம், கேட்பாரில்லை. நான் இன்றைக்கும் காலையில் சாவியை இரண்டாவது ஆணியில்தான் மாட்டுகிறேன். மாட்டிவிட்டு, போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புவேன். "ஏலே, சாவி!" என்று பதில் வந்த பிறகுதான் எனக்கு வேலையே ஓடும்.