ஷார்ஜாவுக்கு இரண்டரை மணி நேரம்

எனக்குப் பொறாமை என்கிற குணமே கிடையாது. என் சகலை செல்வராஜ் விஷயத்தை மட்டும் கணக்கில் எடுக்கக் கூடாது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ரப்பர் ஷீட்டைத் தலையில் சுமந்து தொடங்கி, இன்று குலசேகரத்தில் கடை, இரண்டு லாரி, மாடி வீடு. (வாசல் கதவில் பித்தளைக் குமிழ். வருகிறவர்கள் தொட்டுப் பார்க்கலாம்.) அப்படிப்பட்ட நான் இருக்கும் கல்யாண வீட்டில், வளைகுடாவில் வேலை பார்த்த செல்வராஜ் அத்தர் மணக்க வந்து, "நாலு மணிக்கூர் பிளைட்டுல இருந்தா இடுப்பு செத்துப் போவும்" என்பான். எல்லா நாற்காலியும் அவன் பக்கம் திரும்பும். என் இடுப்பும் லாரியில் செத்ததுதான்; ஒருத்தன் கேட்டதில்லை.

ஷார்ஜாவிலிருக்கும் மகள் கூப்பிட்டாள். என் முறை வந்தது. திருவனந்தபுரத்தில் காலை பத்து மணிக்கு விமானம் கிளம்பியது. கண்ணை மூடினேன். (பயத்தில். தூக்கம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.) ஷார்ஜாவில் இறங்கி நிமிர்ந்தால் சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டரை. வாட்சையும் அதன்படி திருப்பிக்கொண்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பினேன்.

"மக்கா செல்வராஜே, இத்தன வருசமா நாலு மணிக்கூர்னு எங்கள ஏமாத்தினியே. நான் ரெண்டரையில வந்தாச்சு. நீ என்ன, வழியில எறங்கி சாயா குடிச்சியா?"

"செரி அண்ணாச்சி" என்று மட்டும் பதில் வந்தது. அவன் வாயை அடைத்துவிட்ட சந்தோஷத்தில் எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. மகள் ஏதோ சொல்ல வந்தாள், நான் விடவில்லை.

திரும்பும் நாளன்றும் பேசி அனுப்பினேன். "பத்துக்கு ஏறுதேன். பன்னெண்டரைக்கு எல்லாரும் ஏர்போர்ட்டுல நிக்கணும். மாலை வேணும்."

வேன் பிடித்துக் கூட்டி வருவதாகச் செல்வராஜே சொன்னான்.

என் வாட்சில் பன்னிரண்டரை ஆனது. கீழே இன்னும் கடல். பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன். "மக்கா, டிரைவருக்கு வழி தெரியும்லா?"

அவள் தண்ணீர் கொடுத்தாள்.

ஒரு மணிக்கு மறுபடி கூப்பிட்டேன். "யாருட்டயாவது விசாரிக்கச் சொல்லு."

அதற்கும் தண்ணீர்.

திருவனந்தபுரத்தில் இறங்கியபோது சுவர்க் கடிகாரம் மூன்றரை காட்டியது. வெளியே என் மனைவி தங்கம் வாடிய மாலையோடு நின்றாள். மற்றவர்கள் வேனில் தூக்கம். செல்வராஜ் பல் குத்திக்கொண்டிருந்தான்.

"அந்த ஊரு கடிகாரம் நமக்கு ஒண்ணரை மணிக்கூர் பின்னாடியாக்கும், அண்ணாச்சி. போவும்போ கொறச்சுக் காட்டும், வரும்போ கூட்டிக் காட்டும். பறக்கது எப்பவும் நாலுதான்."

"தெரிஞ்சா ஏம்லே சொல்லல?"

"பெரியவங்கள எதுத்துப் பேசப்பிடாதுல்லா. அதான் எல்லாருக்கும் சோறு கெட்டிக் கொண்டாந்தேன்."

"எனக்கு?"

தங்கம் சொன்னாள். "உங்களுக்கும் ஒரு பொதி வச்சிருந்தோம். மூணு மணி வர பாத்துட்டு அவரே தின்னாச்சு."

அன்றிலிருந்து நான் எந்த ஊருக்கு எவ்வளவு நேரம் என்று சொன்னாலும், வீட்டில் ஒரே கேள்விதான்: "போறதுக்கா, வாறதுக்கா?" போன வாரம் என் லாரி டிரைவரே கேட்டான்.

கல்யாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லி இப்போது எல்லா நாற்காலியும் என் பக்கம்தான் திரும்புகிறது. செல்வராஜ் முகத்தில் கொஞ்சம் பொறாமை தெரிகிறது. நன்றாகத் தெரிகிறது.